உங்கள் கருத்து பதிவாகிவிட்டது

காருக்கு சீட் கவர் தைத்துப் பிழைக்கும் ஒருத்தி, தன் தெருவில் கார் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என எந்தச் சட்டமும் இல்லை. ஆனால் பொதுமக்கள் மனப்பான்மை அலுவலகம், அப்படி ஒரு கருத்து இருக்கவே வாய்ப்பில்லை என்றது. இருக்க வாய்ப்பில்லாத அந்தக் கருத்தை வைத்துக்கொண்டு அவள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

தெருவில் அவளுக்குச் சீட்டக்கா என்று பெயர். சீட் கவர் தைக்கிற அக்கா என்பது சுருங்கி அப்படி ஆகிவிட்டது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவள் சீட்டு நடத்துகிறாள் என்று எண்ணி, நம்பிக்கையான ஆள்தானா என்று பக்கத்தில் விசாரிப்பார்கள். விளக்கம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவள், இப்போதெல்லாம் இந்த மாதம் ஆள் சேர்ந்தாயிற்று என்று சொல்லி அனுப்பிவிடுகிறாள்.

கீழே கடை, மேலே வீடு. வாசற்படியிலிருந்து காலைக் கீழே வைத்தால் நேரே தார் ரோடு. நடைபாதையை எப்போதோ ரோடு தின்றுவிட்டது. அவள் புருஷன் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். பிள்ளைகளை வெயிலில் ஓட விட்டுத் தானும் கூடவே ஓடியவர். ஒருநாள் சாயங்காலம் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பின்பக்கமாக வந்த கார் ஒன்று அவரை இடித்துச் சுவரோடு சேர்த்துவிட்டது. உடைந்த இடுப்பு எலும்பு கூடிவிட்டது. இனி நடந்தால்தான் கால் நிற்கும் என்றார் டாக்டர். எங்கே நடப்பது என்று மட்டும் அவர் சொல்லவில்லை. வாக்கரைப் படிக்குக் கீழே வைத்த மறுநொடி ஒரு ஹாரன் காதைக் கிழிக்கும். இரண்டொரு தடவை முயன்று பார்த்துவிட்டு மாஸ்டர் மாடிக்குப் போனார். அப்புறம் இறங்கவில்லை. கட்டிலிலிருந்து ஜன்னல், ஜன்னலிலிருந்து கட்டில். ஜன்னலில் நின்றபடி தெருவில் போகிறவர்களை முதுகை நிமிர்த்தி நடக்கச் சொல்லுவார். அவ்வளவுதான் அவருடைய உத்தியோகம்.

பக்கத்துக் கடை சீட்டக்காவின் கூடப்பிறந்த அண்ணனுடையது. சைக்கிள் ரிப்பேர். பெடல்காரர் என்பார்கள். ஊரார் சைக்கிளுக்கெல்லாம் பங்க்சர் ஒட்டி, ரிம்முக்குக் கோட்டம் எடுத்து, கை ரேகையில் கிரீஸ் ஏறி ஊறிப்போன மனிதர். அவருக்கு வாழ்க்கையில் ஒரே ஆசைதான். சொந்தக் காரில் வந்து சொந்த வாசலில் இறங்க வேண்டும். எதிர்வீட்டுக்காரன் ஜன்னலிலிருந்து அதைப் பார்க்க வேண்டும். வெளிர்நீலத்தில் பழைய கார் ஒன்றைக் கடைசியில் வாங்கியே விட்டார். தங்கை அதற்கு அரக்கு ரெக்ஸினில் ஓரம் வைத்து கவர் தைத்துக் கொடுத்தாள். கூலி வாங்கவில்லை. காரை வாசலுக்குக் கொண்டுவர நினைத்திருந்த அதே வாரத்தில்தான், இந்தத் தெரு சோதனை முறையில் ஒரு மாதத்துக்குக் கார் இல்லாத தெருவாக இருக்கும் என்று மாநகராட்சி அறிவித்தது.

தொடக்க விழாவுக்கு அதிகாரிகள் காரில் வந்தார்கள், ஒருவர் பின் ஒருவராகத் தெருவுக்குள்ளேயே. முடிவெட்டும் கடைக்காரர் அதைப் பற்றி மெதுவாகக் கேட்டதற்கு, அலுவலகக் கார் என்பது கார் ஆகாது, அது ஓர் ஏற்பாடு என்று பதில் வந்தது. மனப்பான்மை அலுவலகத்தின் இயக்குநர் கார்க் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி ரிப்பனை வெட்டி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வெளியே வெயில் கடுமை. திரும்ப இடம் இல்லாததால் கார்கள் பின்பக்கமாகவே வெளியேறின. விழாவுக்காக வரிசையாக வைத்திருந்த பூந்தொட்டிகள் அந்த ஏற்பாட்டில் நசுங்கின. பிறகு தெருமுனையில் இரும்புத் தடுப்புகளை வைத்துவிட்டுப் போனார்கள்.

அந்த மாதம் தெரு கொஞ்சம் கொஞ்சமாக வேறு மாதிரி ஆயிற்று. பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்தினார்கள், கத்த வேண்டிய அவசியம் போய்விட்டது. எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல முடியாது. மருந்துக்கடைக்காரர் காலையில் பெட்டிகளை முனையிலிருந்து தோளில் சுமந்து வரும்போது இந்தத் திட்டம் போட்டவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டுவார். சாயங்காலம் அவர் பேத்தி நடுத்தெருவில் சைக்கிள் பழகும்போது இதைவிட நல்ல திட்டம் உண்டா என்பார். பெடல்காரருக்குக் காலையும் மாலையும் ஒரே கருத்துதான். முனைக்கு அப்பால் மரத்தடியில் தூசி படிந்து நின்ற தன் காரைத் தினமும் துடைத்துவிட்டு வந்து, இது அநியாயம் என்பார். மற்றவன் காரெல்லாம் இத்தனை வருஷம் போய் வந்தது, என் முறை வரும்போது கதவைச் சாத்துகிறார்கள் என்பார். அதில் நியாயம் இல்லை என்று தங்கையாலும் சொல்ல முடியவில்லை.

அவளுடைய நியாயம் வேறு. ஒருநாள் மிஷினில் உட்கார்ந்திருந்தவள் நிமிர்ந்து பார்த்தபோது புருஷன் கடை வாசலில் நின்றார். எப்படி இறங்கினார் என்று தெரியவில்லை. கேட்டால் திரும்பப் போய்விடுவாரோ என்று மிஷினை மிதித்துக்கொண்டே இருந்தாள். அவர் வாக்கரைக் கீழே வைத்தார். ஹாரன் எதுவும் அடிக்கவில்லை. முடிவெட்டும் கடை வரைக்கும் தனியாகப் போனார். வெகுநேரம் கழித்துக் கழுத்தில் பவுடரோடு திரும்பி வந்து, அங்கே இப்போது விசிறியை மாற்றியிருக்கிறார்கள் என்றார். அவள் தைத்துக்கொண்டிருந்த கவரில் தையல் கோணிக்கொண்டு போயிருந்ததை அப்புறம்தான் பார்த்துப் பிரித்தாள்.

மாதக் கடைசியில் மனப்பான்மை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் வந்தார். கருத்துக் கேட்க வந்திருப்பதாகச் சொன்னார். சீட்டக்கா மிஷினை நிறுத்திவிட்டுச் சொல்லத் தொடங்கினாள். அந்தப் பெண் பணிவாகக் கையை உயர்த்தினார்.

"உங்க கருத்து ஏற்கெனவே வந்தாச்சும்மா. கையெழுத்து மட்டும் போதும்."

"நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே."

"கார் சீட் கவர் கடை. தொழில் பிரகாரம் நீங்க எதிர்ப்பு. பக்கத்துல சைக்கிள் கடை, அவர் ஆதரவு. ஒவ்வொருத்தரா கேட்டா தப்பு வந்துடுதுன்னு இப்ப இப்படித்தான் பண்றோம்."

கையெழுத்துப் போடாவிட்டாலும் பரவாயில்லை, போடாதவர்கள் போட்டதாகவே கொள்ளப்படுவார்கள் என்று ஆறுதலும் சொன்னார். பிறகு பையிலிருந்து ஒட்டுத்தாள்களை எடுத்தார். சீட்டக்கா கதவில் சிவப்பு, அதில் எதிர்ப்பு என்று அச்சடித்திருந்தது. பெடல்காரர் கதவில் பச்சை, ஆதரவு. தெரு முழுக்க ஒட்டிக்கொண்டே போனார். சாயங்காலம் மாஸ்டர் படியிறங்கும்போது கதவைப் பார்த்தார். அன்றைக்கு அவர் முடிவெட்டும் கடை வரைக்கும் போகாமல் பாதியிலேயே திரும்பிவிட்டார்.

இதை மாற்றாமல் விடுவதில்லை என்று மறுநாள் சீட்டக்கா கிளம்பினாள். அலுவலகம் ஊருக்கு வெளியே, சுற்றுச்சாலையில் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி, நடக்க இடமில்லாத சாலையோரத்தில் லாரிகள் சேலையை இழுக்க இழுக்க நடந்து போய்ச் சேர்ந்தாள். வாசலில் காவலாளி வண்டி நம்பர் கேட்டார். நடந்து வந்தேன் என்றாள். அவர் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். வண்டி நம்பர் போட்டால்தான் கேட் திறக்கும், கேட் திறந்தால்தான் ஆள் உள்ளே போகலாம், வேறு வாசல் வைக்கவில்லை என்றார். நடந்து வருகிறவர்கள் யாரும் இதுவரை வந்ததில்லையா என்று கேட்டாள். வருவார்கள், இப்படியே நின்று பார்த்துவிட்டுப் போவார்கள் என்றார் அவர்.

வேறு வழியில்லாமல் அண்ணனுக்குப் போன் போட்டாள். பெடல்காரர் சலவைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாக வெளிர்நீலக் காரில் வந்து சேர்ந்தார். பச்சைத்தாள் விஷயத்தில் அவருக்கும் வயிற்றெரிச்சல் இருந்தது. ஆனால் காரை எடுக்க ஒரு காரணம் கிடைத்த சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கேட் தானாகத் திறந்தது.

கட்டடத்தில் மாடி மாடியாகக் கார்தான் நின்றது. எல்லாவற்றுக்கும் மேலே, மிச்சமிருந்த ஒரு தளத்தில் அலுவலகம். கண்காணிப்பாளர் இருவரையும் உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டார். பதிவான கருத்தைத் திருத்த வழியில்லை என்றார். ஒருவர் கருத்தை மாற்றினால் மொத்தமும் ஆடிப்போகும், ஏற்கெனவே வந்துவிட்ட முடிவுக்கு அது பாதகம். ஆனால் பரஸ்பர மாறுதல் என்று ஒன்று உண்டு. வாத்தியார்கள் ஊர் மாற்றிக்கொள்வதில்லையா, அந்த மாதிரி. அவளுடைய எதிர்ப்பை அவர் எடுத்துக்கொள்ளலாம், அவருடைய ஆதரவை அவள் எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இவ்வளவு சுலபமா என்று இருந்தது. கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்துகொண்டு, நீங்கள் இருவரும் உறவா என்று கேட்டார்.

"கூடப் பொறந்தவர்," என்றாள்.

அவர் பேனாவை மூடினார். "அப்ப முடியாது. கருத்து குடும்பத்துக்குள்ளயே சுத்தும்."

இருவர் குரலும் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். உள்ளறைக் கதவு திறந்து, இயக்குநர் அழைப்பதாகச் சொன்னார்கள். இயக்குநர் நல்ல மனிதர். காபி கொண்டுவரச் சொன்னார். தான் கார் இல்லாத நகரங்களைப் பார்க்க எத்தனையோ நாடுகளுக்குப் போய்வந்ததைச் சொன்னார்.

"அருமையா வெச்சிருக்காங்கம்மா. எல்லா ஊர்லயும் கார்லயே கூட்டிட்டுப் போய்க் காட்டினாங்க. கண்ணாடி வழியா பாத்துக்கிட்டே வந்தேன். ஜனங்க என்ன சந்தோஷமா நடக்கறாங்க தெரியுமா? எறங்கிப் பாக்கணும்னு எனக்கே ஆசையா இருந்துச்சு. நேரம்தான் இல்ல."

தன் புருஷன் படியிறங்கியதை அவள் சொன்னாள். அண்ணன் தன் வாசலில் கார் நிற்க வேண்டியதைச் சொன்னார். இயக்குநர் இரண்டுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார்.

"மக்களுக்குக் கருத்தே இல்லைன்னு நாங்க சொல்லல. இருக்கு. ஆனா அத மக்கள் கையிலயே விட்டா அவங்க மாத்திக்கிட்டே இருப்பாங்க. காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணு. அதனாலதான் நாங்க வாங்கிப் பத்திரமா வெச்சுக்கறோம். உங்க ரெண்டு பேர் மனசும் குளுர்ற மாதிரி ஒரு திட்டம் தயார் பண்ணியாச்சு. உங்க தெரு பேர் வாங்கிடும். பாக்க ஜனங்க வருவாங்க. எதுல வருவாங்க? கார்ல. அந்தக் கார எங்க விடுவாங்க?"

பதிலையும் அவரே சொன்னார்.

"உங்க தெருவுலயே. தெரு நீளத்துக்கும் அடுக்குமாடி நிறுத்துமிடம். கட்டி முடிச்சா தெரு முழுக்கக் கார் நிக்கும். ஆனா ஒண்ணுகூட ஓடாது. கார் ஓடாத தெரு. அதானே நம்ம லட்சியம்?"

தெரு நீளத்துக்கும் என்றால் எங்கள் கடை என்று பெடல்காரர் இழுத்தார். கடைகளின் முன்பக்கம் மட்டும்தான் போகும், பின்பக்கத்தை அலுவலகம் தொடவே தொடாது என்று இயக்குநர் வாக்குக் கொடுத்தார். நாங்கள் இதற்கு ஒத்துக்கொள்ளவில்லையே என்றாள் சீட்டக்கா.

"ஒத்துக்கிட்டாச்சும்மா. உங்க அண்ணன் ஆதரவு. நீங்க எதிர்ப்பு, அதாவது உங்களுக்குக் கார் வேணும். ரெண்டு பேர் கருத்துக்கும் இது பொருந்துது பாருங்க. இப்படி ஒரு திட்டம் அமையறது ரொம்ப அபூர்வம்."

வரும் திங்கட்கிழமை அடிக்கல் நாட்டத் தானே வருவதாகவும் சொன்னார்.

இருவரும் காரில் திரும்பினார்கள். காரை மரத்தடியில் நிறுத்திவிட்டுப் பெடல்காரர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு இந்தத் தெருவுல கார் வரணும். இன்னிக்கும் அதான் சொல்வேன், நாளைக்கும் அதான் சொல்வேன்," என்றார்.

"சொல்லுண்ணே. நான் வரக்கூடாதுன்னுதான் சொல்வேன்."

"அது உன் பாடு, என் பாடு. நடுவுல அவன் யாரு எனக்குப் பச்சை ஒட்டறதுக்கு?"

தெருவுக்குள் வந்ததும் பெடல்காரர் கடையிலிருந்து மண்ணெண்ணெயும் துணியும் எடுத்து வந்து தன் கதவிலிருந்த தாளைக் கிழியாமல் உரித்தார். தங்கை கதவிலிருந்ததையும் உரித்தார். பச்சையை அவள் கதவில் ஒட்டினார், சிவப்பைத் தன் கதவில். உறவுக்காரர்கள் செய்யக்கூடாத பரஸ்பர மாறுதல் அங்கேயே முடிந்தது. பார்த்துக்கொண்டிருந்த முடிவெட்டும் கடைக்காரர் எனக்கும் கொஞ்சம் மண்ணெண்ணெய் என்று வந்தார். இருட்டுவதற்குள் தெரு முழுக்கத் தாள் கைமாறியது. ஒரு சிவப்புக்காக இரண்டு வீட்டுக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். மருந்துக்கடைக்காரர் கதவின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொன்று ஒட்டி, வேளைக்குத் தகுந்தபடி கதவைத் திறந்தும் மூடியும் வைத்துக்கொண்டார். ஒரு வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் வெவ்வேறு கருத்து என்பது அன்றைக்குத்தான் அவர்களுக்கே தெரியவந்தது. நிறுத்துமிடம் வேண்டும் என்று மட்டும் ஒருத்தரும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை இயக்குநரின் கார் முன்னே வர, மற்ற அலுவலக ஏற்பாடுகள் வரிசையாகப் பின்னே வந்தன. கடைசியில் அடிக்கல் ஏற்றிய லாரி. தெருமுனையில் தடுப்புகளுக்கு முன்னால், ரோட்டுக்குக் குறுக்காக, வெளிர்நீலக் கார் நின்றது. ஓட்டுநர் இருக்கையில் பெடல்காரர், அரக்கு ரெக்ஸினில் சாய்ந்து, கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

ஹாரன் அடித்துப் பார்த்தார்கள். அவரும் பதிலுக்கு அடித்தார். கண்காணிப்பாளர் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி, கார் இல்லாத தெருவின் வாசலில் காரை நிறுத்துவது குற்றம் என்றார். பெடல்காரர் கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினார்.

"நான் கார் வேணும்கிற கட்சி சார். அதான் கார்ல உக்காந்திருக்கேன். பதிவு பண்ணிக்குங்க."

கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். வண்டியைத் தூக்கிப் போக ஆள் அனுப்பச் சொன்னார்கள். தூக்கும் வண்டி, ஏற்பாடுகளின் வரிசைக்குப் பின்னால் வந்து மாட்டிக்கொண்டது. அதற்கு வழிவிட முன்னால் இருக்கும் கார்கள் பின்னால் போக வேண்டும், பின்னால் போகத் தூக்கும் வண்டி வழிவிட வேண்டும். வெயில் ஏறியது. கடைசியில் இயக்குநர் காரிலிருந்து இறங்கினார். தடுப்புக்கும் சுவருக்கும் இடையே, வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, தெருவுக்குள் காலெடுத்து வைத்தார்.

அங்கே அவரை எதிர்கொள்ள மாஸ்டர் வாக்கரோடு நின்றார். பக்கத்தில் சீட்டக்கா. இயக்குநர் தன் காரைத் திரும்பிப் பார்த்தார். கல் நடும் இடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டார். கொஞ்ச தூரம்தான், நானும் வருகிறேன், முதுகை மட்டும் நிமிர்த்திக்கொள்ளுங்கள் என்றார் மாஸ்டர். இரண்டு பேரும் ஒரே வேகத்தில் நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் இயக்குநருக்குத்தான் மூச்சு வாங்கியது.

ஜனங்கள் வீடுகளிலிருந்து இறங்கி வந்து சூழ்ந்துகொண்டார்கள். மைக் லாரியில் இருந்ததால் இயக்குநர் வெறும் குரலிலேயே பேச வேண்டியதாயிற்று. மக்களின் விருப்பப்படி என்று ஆரம்பித்தார். யாருடைய விருப்பம் என்று ஒருவர் கேட்டார். அவ்வளவுதான். மருந்துக்கடைக்காரர் பெட்டி சுமக்கும் கஷ்டத்தைச் சொன்னார், அதே மூச்சில் பேத்தியைப் பற்றியும் சொன்னார். ஒருத்தி காலையில் மட்டும் வண்டி விடலாம் என்றாள். இன்னொருத்தி நோயாளிக்கு மட்டும் என்றாள். ஒருவர் எல்லாக் காரையும் கொளுத்த வேண்டும் என்றார், அவர் பையன் தனக்கு ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னது என்னவாயிற்று என்றான். இயக்குநர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தார். அவர் வாழ்நாளில் கருத்து என்பதை அடுக்கி வைத்த நிலையில்தான் பார்த்திருந்தார்.

"இத்தனை கருத்த வெச்சுக்கிட்டு எப்படிம்மா நிர்வாகம் நடத்தறது?" என்று சீட்டக்காவிடம் கேட்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"நடத்த வேண்டாம் சார். இது எங்க வாசல். நாங்க சண்டை போட்டுப் பேசித் தீத்துக்கறோம். என்ன முடிவாச்சுன்னு உங்களுக்குச் சொல்லி அனுப்பறோம். அதுவரைக்கும் அந்தக் கல்ல எறக்காதீங்க."

"எறக்கினா?"

"எறக்கித்தான் பாருங்களேன்," என்றாள். சத்தம் போடவில்லை. புருஷனுக்குப் பக்கத்தில், ரோட்டின் நடுவில், ரெக்ஸின் வெட்ட உட்காருவது போலச் சம்மணம் கூட்டி உட்கார்ந்தாள். முடிவெட்டும் கடைக்காரர் மாஸ்டருக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார். ஒவ்வொருவராக எல்லோரும் உட்கார்ந்தார்கள். நின்றுகொண்டிருந்தவர் இயக்குநர் மட்டும்தான். அவர் வந்த வழியே தனியாக நடந்து போனார். கல் லாரியிலிருந்து இறங்கவில்லை.

பெடல்காரருக்கு அபராதம் வந்தது. மக்கள் இன்னும் பக்குவம் அடையவில்லை என்பதால் திட்டம் ஒத்திவைக்கப்படுவதாக அலுவலகம் அறிவித்தது. பக்குவம் இல்லாதவர்கள் தினமும் சாயங்காலம் நடுத்தெருவில் கூடிச் சண்டை போட்டார்கள். காலையில் சரக்கு வண்டி வந்துபோகலாம், ஆம்புலன்ஸுக்கு எப்போதும் வழி என்பது வரைக்கும் வந்துவிட்டார்கள். சொந்தக் கார் விஷயம் மட்டும் அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவில் இழுபறியாகவே நின்றது. அவர் எழுந்து போய்விடுவார், அவள் போகட்டும் என்பாள், அடுத்த நாள் இரண்டு பேரும் வந்து உட்காருவார்கள்.

அப்படி ஒரு சாயங்காலம், சோதனைக் காலம் முடிந்துவிட்டதால் தடுப்புகளை எடுத்துவரச் சொல்லி அலுவலகம் ஒரு லாரியை அனுப்பியது. டிரைவர் முனையில் வண்டியை நிறுத்திவிட்டு ஆட்களோடு உள்ளே வந்தார். சண்டை உச்சத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் நின்று கேட்டார். சீட்டக்கா நகர்ந்து இடம் விட்டு, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டாள். வண்டி ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து இதைப் பற்றித் தன்னிடம் யாரும் கேட்டதில்லை என்றார். பிறகு உட்கார்ந்து பேச ஆரம்பித்தார். அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. நடுவில் பெடல்காரர் ஒரு தடவை குறுக்கிட்டார், டிரைவர் அவரை அடக்கிவிட்டு மேலே பேசினார்.

விளக்குப் போடும் நேரத்துக்கு லாரி காலியாகத் திரும்பிப் போனது. அலுவலகப் பதிவின்படி தடுப்புகள் அன்றே அகற்றப்பட்டுவிட்டன. அவை தெருமுனையில் நிற்கின்றன.